குசினி அலுமாரியில் ஊறுகிற போத்தல்

குருநகர், சோனகதெரு, ஐந்துசந்திப் பக்கத்து உறவுகளே, சமயம் எதுவானாலும் வீட்டில் பிள்ளை இருக்கிற எல்லாரும் இதை வாசியுங்கள். பதிவு நீளம். கோபமும் கொஞ்சம் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் படிக்கிற ஒரு பிள்ளையின் வீட்டில் நடந்தது. பெயரும் வேண்டாம், ஒழுங்கையும் வேண்டாம். விருந்தாட்கள் வருகிறார்கள் என்று உம்மா புடிங் செய்ய வெளிக்கிட்டிருக்கிறா. வனிலா எசன்ஸ் எடுக்க அலுமாரியைத் திறந்தால், அதற்குப் பக்கத்தில் இன்னொரு சின்னப் போத்தல். மூடியைத் திருகி மணந்து பார்த்திருக்கிறா, நல்ல ஸ்ட்ரோபெரி மணம். மூத்தவன் ஏதோ கேக்குக்கு வாங்கி வைத்திருக்கிறான் என்று நினைத்து மேசையில் வைத்துவிட்டு, பால் பொங்குகிறதா என்று திரும்பியிருக்கிறா. அவ்வளவுதான். 3 வயதுக் கடைக்குட்டி கதிரையில் ஏறி அந்தப் போத்தலின் மூக்கை வாயில் வைத்துவிட்டது. பத்து நிமிடத்தில் வாயால் எச்சில் வழிய, வேர்த்துக் கொட்ட, சத்தி எடுத்தபடி பிள்ளை துவண்டுவிட்டது. ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். ஒரு இரவு வார்டில் வைத்துப் பார்த்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை இப்போது சுகம்.

போத்தலில் இருந்தது எசன்ஸ் இல்லை. வேப் லிக்விட்.

மூத்தவனை நாங்கள் கூப்பிட்டுக் கேட்டோம். ஏசவில்லை. ஏன் போயும் போயும் குசினி அலுமாரியில் வைத்தாய் என்று மட்டும் கேட்டோம். அவன் சொன்ன பதிலால்தான் இந்தப் பதிவு. "சேர், அது ஊற வேணும். வெளிச்சம் படக்கூடாது, வெக்கை படக்கூடாது. எங்கட வீட்டில இருட்டான இடம் அதுதான். ரெண்டு கிழமை விட்டாத்தான் டேஸ்ட் வரும்."

விஞ்ஞானப் பாடத்தில் கரைசல் என்றால் என்ன என்று கேட்டால் முகட்டைப் பார்க்கிற பிள்ளை. இதைப் பற்றிக் கேட்டால் ஒரு பிழை இல்லாமல் சொல்கிறான். அதில் புரோப்பிலீன் கிளைக்கோல், கிளிசரின் என்று இரண்டு திரவங்கள் இருக்கின்றன. கிளிசரின் தடிப்பானது, அதனால் வாசனைச் சரக்கு அதோடு சேர நாள் எடுக்கும். அதற்காக இருட்டில் வைத்து நாளுக்கு ஒருமுறை குலுக்க வேண்டும். அவசரக்காரர் சுடுதண்ணிக் கோப்பைக்குள் போத்தலை இறக்கி வைப்பார்கள். சிலர் "மூச்சு விடட்டும்" என்று மூடியைத் திறந்தே விட்டுவிடுவார்கள். நாள் போகப் போக நிறம் தேத்தண்ணி மாதிரி மாறும், காற்றுப் பட்டு நிக்கொட்டீன் ஒக்சியேற்றமடைவது அதற்கு ஒரு காரணம். வெயில் பட்டால் கெட்டுவிடும் என்பதால் பிரிட்ஜ் இன்னும் நல்லது. இவ்வளவும் அவன் சொன்னது. பிரிட்ஜில் வேறு சில வீடுகளில் இருக்கிறதாம், நன்னாரி சர்பத்துக்கும் வாப்பாவின் இன்சுலினுக்கும் நடுவில்.

உறவுகளே, இந்தப் பொடியன்கள் மறைந்து நின்று ஊதுகிறார்கள் என்றுதான் இவ்வளவு நாளும் நாம் கதைத்துக்கொண்டிருந்தோம். ஊதுவது ஒழுங்கை முடக்கில்தான். ஆனால் சரக்கு இருப்பது நம் வீட்டுக்குள், நம் சாப்பாட்டுச் சாமானோடு. இதை நாம் பார்க்கவே இல்லை.

"அது சும்மா ஆவிதானே, சிகரெட் இல்லையே" என்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. வலிகாமத்துத் தோட்டக்காரர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் கேளுங்கள். முந்திய காலத்தில் பயிரில் பூச்சி பிடித்தால் புகையிலையைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைத்தான் தெளிப்பார்கள். பூச்சி செத்து விழும். அந்தத் தண்ணீரில் பூச்சியைக் கொன்ற சாமானின் பெயர்தான் நிக்கொட்டீன். ஈரப் புகையிலையை வெறுங்கையால் முறிக்கிறவர்களுக்குத் தலைசுற்றும், சத்தி வரும். தோலாலேயே அது உள்ளே போகும். யாழ்ப்பாணத்து மண்ணில் எத்தனையோ தலைமுறை புகையிலை வைத்தவர்கள் வாழ்ந்த ஊர் இது. சுருட்டுக் கொட்டிலில் புகையிலை பதப்படுத்தியதைப் பார்த்த பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் கொட்டில் கொட்டிலாகவே இருந்தது. பிள்ளையின் பால்மா டின்னுக்குப் பக்கத்தில் யாரும் அதை வைக்கவில்லை. அதற்கு ஸ்ட்ரோபெரி மணமும் இல்லை.

கணக்கைக் கரும்பலகையில் போட்டுப் பார்த்தோம். ஒரு மில்லிலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்று எழுதிய 30 மில்லிலீற்றர் போத்தல் என்றால் மொத்தம் 1500 மில்லிகிராம் நிக்கொட்டீன். ஒரு சிகரெட் பிடிப்பவரின் உடம்புக்குள் போவது ஏறக்குறைய 1 அல்லது 2 மில்லிகிராம். நம் கைப்பெருவிரல் அளவு போத்தலில் இருப்பது எவ்வளவு என்று நீங்களே பிரித்துப் பாருங்கள். 2014 டிசம்பரில் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் இப்படி ஒரு திரவ நிக்கொட்டீனைக் குடித்து 1 வயதுக் குழந்தை இறந்துபோனது. அதற்குப் பிறகுதான் பிள்ளைகளால் திறக்க முடியாத மூடி இருக்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. இங்கே எங்கள் கைக்கு வந்த போத்தல்களில் சரியான லேபலே இல்லை. சிலதில் ஒரு பழத்தின் படம் மட்டும். வீட்டில் தாங்களே கலந்ததில் அதுகூட இல்லை, பழைய இருமல் மருந்துப் போத்தல்! உள்ளே என்ன இருக்கிறது என்று கலந்தவனுக்கே தெரியாது. 2019இல் அமெரிக்காவில் வேப் பிடித்தவர்களுக்குச் சுவாசப்பை பழுதாகி, 2020 பெப்ரவரிக்குள் 2,807 பேர் ஆஸ்பத்திரிக்குப் போய் 68 பேர் இறந்தார்களே, அதில் பெரும்பாலும் கள்ளச்சந்தைக் கஞ்சாத் திரவத்தில் கலந்திருந்த விற்றமின் ஈ அசிற்றேற்றுத்தான் பிரதான காரணம் என்று கண்டுபிடித்தார்கள். நம் பொடியன்களின் சாமான் அதுதான் என்று நாங்கள் சொல்லவில்லை. யாரோ கலந்ததை நம்பி மூச்சுக்குள் இழுத்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சொல்கிறோம்.

இனிக் கோப்பிக் கதைக்கு வருவோம். இது எங்கள் பின்னூட்டத்தில் ஒரு படித்த தம்பி எழுதிய வாதம். கோப்பியையும் ஒரு காலத்தில் ஹராம் என்றார்கள், பிறகு எல்லாரும் குடித்தார்கள், இதுவும் அப்படித்தான் மாறும் என்று எழுதியிருந்தார். வரலாறு சரிதான், தம்பி. யெமனில் சூபிகள் இரவு திக்ருக்குக் கண் முழிக்கக் கோப்பி குடித்தார்கள். 1511இல் மக்காவில் காயிர் பேக் என்ற அதிகாரி அதைத் தடை செய்தார். அந்தத் தடை நிலைக்கவில்லை, கெய்ரோவில் இருந்தே தளர்த்தும் உத்தரவு வந்தது. ஆனால் கோப்பி எப்படி ஜெயித்தது என்று யோசித்தீர்களா? எல்லார் கண் முன்னாலும் குடித்தார்கள். பெரியவன், சின்னவன், ஆலிம், வியாபாரி எல்லாரும் பார்த்தார்கள், பழகினார்கள், ஒன்றும் நடக்கவில்லை என்று கண்டார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை வாப்பாவுக்குத் தெரியாமல் அலுமாரிக்குள் கோப்பி ஊறவைக்கவில்லை.

கோப்பி என்று வந்துவிட்டால் நம்மிடம் எவ்வளவு சட்டம் இருக்கிறது பாருங்கள். மையித்து வீடு, செத்த வீடு, கந்தூரி, நத்தார் இரவு, எதுவென்றாலும் கோப்பிக்கு ஒரு பொறுப்பான ஆள். பிளாஸ்க்கை முதலில் கொதிதண்ணி விட்டு அலச வேண்டும், இல்லாவிட்டால் சூடு கெதியாகக் குறையும். பால் கோப்பியைப் பிளாஸ்க்கில் விடக்கூடாது, பால் இளஞ்சூட்டில் கிடந்தால் கெட்டுவிடும். வெறுங்கோப்பியையும் அடுப்பில் வைத்துத் திரும்பத் திரும்பச் சூடாக்கக் கூடாது, புளிக்கும், கடுக்கும். (அதில் விஞ்ஞானமும் உண்டு. கோப்பியில் இருக்கிற குளோரோஜெனிக் அமிலம் நீண்ட நேரச் சூட்டில் உடைந்து குயினிக் அமிலமாகிறது, அந்தப் புளிப்பு அதுதான்.) சுக்கும் மல்லியும் போட்டதென்றால் இன்னும் கவனம். கொதிக்கக் கொதிக்கக் குடிக்காதே என்று ராத்தாமார் ஏசுவதும் சரி, 65 பாகைக்கு மேலான சூட்டில் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று 2016இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் சொன்னது. நாலு மணித்தியாலம் பழசான கோப்பியை ஊற்றிக் கொடுத்ததற்காக ஒரு பெரியவர் கோப்பையைக் கவிழ்த்துவிட்டு எழும்பிப் போனதை நாங்களே கண்டிருக்கிறோம். அந்தப் பழைய கோப்பி செய்யக்கூடிய கூடிய அநியாயம் வயிற்றில் ஒரு எரிவு.

இந்தப் போத்தலுக்கு மட்டும் நம் வீட்டில் ஒரு சட்டமும் இல்லை. எங்கே வைப்பது, யார் திறப்பது, எப்போது கொட்டுவது, ஒன்றும் இல்லை. எல்லாச் சட்டமும் தெரிந்த ஒரே ஆள் 15 வயதுப் பொடியன்.

நியாயமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். இருபது வருடம் சிகரெட் பிடித்த ஒரு வளர்ந்த மனிதர் அதை விட வேப்புக்கு மாறினால் அவருக்குத் தீங்கு குறையும் என்று இங்கிலாந்துச் சுகாதார சேவை சொல்கிறது. நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அதே சேவை, புகைக்காதவருக்கும் பிள்ளைகளுக்கும் இது வேண்டாம் என்றும் சொல்கிறது. அந்த நாட்டிலேயே மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் விற்க முடியாது, நிக்கொட்டீன் உள்ள போத்தல் 10 மில்லிலீற்றரைத் தாண்டக்கூடாது, ஒருமுறை பாவித்து எறிகிற சாதனங்களை 2025 ஜூனில் தடையே செய்துவிட்டார்கள். இந்தியா 2019இல் விற்பனையை முழுசாக நிறுத்தியது. நம் நாட்டில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்குப் புகையிலைப் பொருள் விற்பது குற்றம். புகையிலை அடங்கிய மின்சிகரெட்டுகளை 2016 வர்த்தமானி தடை செய்தது. இதற்குக் கடைக்காரர் என்ன சொல்கிறார் தெரியுமா? "இதில புகையிலை இல்ல சேர், நிக்கொட்டீன் மட்டும்தான்." அந்த நிக்கொட்டீனைப் பெரும்பாலும் புகையிலையில் இருந்துதான் பிரித்தெடுக்கிறார்கள் ஐயா. பாக்கில் இருந்து சாயத்தை எடுத்துவிட்டு இது பாக்கு இல்லை என்பது மாதிரி.

ஆனால் கடைக்காரரோடு மட்டும் சண்டை பிடித்து என்ன பயன்? அந்த வீட்டுப் போத்தல் கடையில் வாங்கியது இல்லை. வெளிநாட்டில் இருந்து விடுமுறைக்கு வந்த மாமா கொண்டு வந்தது. மருமகன் ஆசைப்பட்டுக் கேட்டான், சொக்லேட், வாசனைத் திரவியத்தோடு ஒரு பெட்டி அதுவும். மாமாவுக்கு அது ஒரு பரிசு. நீண்ட காலம் அகதியாகத் திரிந்து, இடிந்த வீட்டைக் கட்டி, திரும்ப வந்து குடியேறிய சனம் நாம். பிள்ளைகள் கேட்டதை இல்லை என்று சொல்ல மனம் வராது, அது எங்களுக்கும் விளங்குகிறது. கடலுக்குப் போய் வருகிற குருநகர்த் தகப்பன்மாருக்கும் அதே மனசுதான். அதற்காக நஞ்சைப் பரிசுப் பேப்பரில் சுற்றிக் கொடுப்பதா?

எங்கள் பக்கத்துப் பிழையையும் மறைக்கவில்லை. ஆசிரியர்கள் என்ன செய்தோம்? பையைச் சோதித்தோம், பறித்தோம், பெற்றோரைக் கூப்பிட்டு ஏசினோம். பறித்ததை எங்கே வைத்தோம்? மேசை லாச்சிக்குள். சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, லிதியம் பற்றரியோடு, கசிகிற லிக்விட்டோடு, சோக்கட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில் மாதக்கணக்கில். எங்களுக்கும் வைக்கத் தெரியவில்லை. இந்த விடயம் நடந்த பிறகுதான் லாச்சியைத் திறந்து பார்த்தோம். கையில் ஒட்டியது. பயந்துபோய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவினோம். குத்பாவில் ஒரு வெள்ளிக்கிழமை ஹராம் என்று சொல்லி, பூசையில் ஒரு ஞாயிறு பாவம் என்று சொல்லி முடித்துவிட்டதும் இதே மாதிரித்தான். சொன்னது பிழை இல்லை. ஆனால் பேச்சைக் கேட்ட பொடியன் இன்னும் இருட்டான இடமாகப் பார்த்து வைத்தான், அவ்வளவே.

இனிச் செய்ய வேண்டியது. இன்று இரவே அலுமாரி, பிரிட்ஜ், மெத்தைக்குக் கீழ், தையல் மெசின் லாச்சி எல்லாம் பாருங்கள். எசன்ஸ், கண் மருந்து, இருமல் மருந்து மாதிரி இருக்கிற, நீங்கள் வாங்காத எந்தப் போத்தலையும் மணந்து பார்க்காதீர்கள், நக்கிப் பார்க்காதீர்கள். பிள்ளை விழுங்கிவிட்டால் விரல் விட்டுச் சத்தி எடுக்க வைக்க வேண்டாம். வாயைத் துடைத்து, தோலில் பட்டிருந்தால் உடுப்பைக் கழற்றி நன்றாகக் கழுவி, 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள் அல்லது கிடைக்கிற வாகனத்தில் ஓடுங்கள். போத்தலையும் கையோடு கொண்டு போங்கள், டொக்டர் அதைத்தான் முதலில் கேட்பார். அந்த உம்மா கொண்டு போனதுதான் அன்றைக்கு நேரத்தை மிச்சப்படுத்தியது. கண்டெடுத்ததைச் சிங்கில் ஊற்ற வேண்டாம், கடலுக்குள் எறியவே வேண்டாம், மீனுக்கும் அது நஞ்சு. நாம் சாப்பிடுவது அந்த மீனைத்தான்.

பிள்ளையை அடிக்காதீர்கள். அடித்தால் அடுத்த போத்தல் இன்னும் ஆழத்துக்குப் போகும். அந்த மூத்தவன் தங்கச்சியின் கட்டிலுக்குப் பக்கத்தில் இரவு முழுக்க நின்றிருக்கிறான், அதற்கு மேல் அடி என்ன செய்யும்?

வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலையில் நாங்கள் இருப்போம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வீட்டில் கண்டதைத் தடிப்பான பையில் போட்டு, மூடி மேலே பார்க்கக் கொண்டு வந்து தாருங்கள். யாருடையது என்று கேட்க மாட்டோம், படம் எடுக்க மாட்டோம், இங்கே போடவும் மாட்டோம். விடுமுறைக்கு வந்து நிற்கிற மாமாமாரும் வாருங்கள், உங்களோடு கொஞ்சம் கதைக்க இருக்கிறது. கோப்பி இருக்கும். பிளாஸ்க்கில் இல்லை, வர வர ஊற்றித் தருவோம்.