சம்பளம் 4 லட்சம் டாலர், செலவு 25,000: வேலையை விட முடிஞ்சது ஏன்?



"சம்பளம் ஏறினா எல்லாம் சரியாகிடும் சார்." என்கிட்ட பேசுற பலரும் சொல்றது இது. எனக்கு இதுல உடன்பாடு இல்ல. ஏன்னு ஒரு அமெரிக்கன் ஃபுட்பால் வீரரை வெச்சு சொல்றேன்.

அந்த ஆட்டத்துல அஃபென்சிவ் லைன்மேன்னு அஞ்சு பேர் உண்டு. பந்தை எறியுற குவாட்டர்பேக்கை எதிரணி நெருங்காம, முன்னாடி நின்னு மோதித் தடுக்கிறதுதான் அவங்க வேலை. ஜான் அர்ஷெல் அப்படி ஒருத்தர். 2014-ல் பால்டிமோர் ரேவன்ஸ் அணிக்கு வந்தார். அந்த வருஷம் புது வீரருக்குக் குறைந்தபட்ச சம்பளமே 4,20,000 டாலர். அவர் செலவழிச்சதோ வருஷத்துக்கு 25,000 டாலருக்கும் குறைவு. ஓட்டினது ஒரு பழைய நிசான் வெர்சா கார்.

கஞ்சத்தனமா? இல்ல. அங்கே பெரும்பாலான ஒப்பந்தங்கள்ல முழுத் தொகைக்கும் உத்தரவாதம் கிடையாது. அடிபட்டாலோ, அணிக்குத் தேவையில்லன்னாலோ வெளியே அனுப்பிடலாம்.

2015-ல் பயிற்சியில அவருக்குத் தலையில அடிபட்டது. 2017 ஜூலையில ஒரு ஆய்வு வந்தது: இறந்துபோன 111 என்.எஃப்.எல். வீரர்களோட மூளையைப் பரிசோதிச்சதுல 110-ல் சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு நோய். ரெண்டே நாள்ல, 26 வயசுல, அர்ஷெல் ஓய்வு அறிவிச்சார். எம்.ஐ.டி.யில கணிதத்துல பிஎச்.டி. முடிச்சு, இப்போ அங்கேயே பேராசிரியர்.

"அவருக்குக் கணிதம் இருந்தது, விட்டுட்டார்"னு சொல்வீங்க. பாதி உண்மை. பெரிய வீடு, ரெண்டு கார்னு கடன் இருந்திருந்தா, ஆராய்ச்சி மாணவனோட உதவித்தொகையில வாழ முடியுமா? அவர் செலவு, அடுத்த வேலையோட வருமானத்துக்குள்ளயே இருந்தது. அதுதான் விஷயம்.

எதிர்ப்பக்கமும் பாருங்க. 2015-ல் வந்த ஒரு பொருளாதார ஆய்வுப்படி, ஓய்வுபெற்ற 12 வருஷத்துக்குள்ள சுமார் 16% என்.எஃப்.எல். வீரர்கள் திவால் மனு கொடுத்திருக்காங்க. அதிகம் சம்பாதிச்சவங்களும் இதுல தப்பல.

அவரை மாதிரி நம்மால சேமிக்க முடியாது. வாடகை இருக்கு, அப்பா அம்மாவுக்கு அனுப்பணும். ஆனா இந்தக் கணக்கைப் போடலாம். கையில 2 லட்சம், மாதச் செலவு 40,000 என்றால் 5 மாதம் தாங்கும். செலவு 30,000 ஆனா, அதே பணம் ஆறரை மாதத்துக்கு மேல வரும். சம்பளம் ஒரு ரூபாய்கூட ஏறல.

அடுத்த இன்க்ரிமென்ட் வந்ததும் புது இ.எம்.ஐ.யில கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரே கேள்வி கேளுங்க: "நாளைக்கு இந்த வேலையை விட நினைச்சா, இந்த இ.எம்.ஐ. என்னை விடுமா?"