ஃபியட்டும் பந்தயக் கார்தான்

"கார் பந்தயம் கோடீஸ்வரன் விளையாட்டு, மும்பையின் மாட்டுங்கா, செம்பூர்த் தமிழனுக்கு அங்கே என்ன வேலை?" என்று தன் கட்டுரையில் கேட்டிருக்கிறார் நண்பர். ஸ்டியரிங்கைப் பிடித்தவனை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும்.

சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தின் போர்க்கால விமான ஓடுதளத்தில் சீமான்களின் வெளிநாட்டுக் கார்கள் ஓடியது உண்மை. கூடவே ஓடியது ஃபியட் 1100. அது பிறந்தது எங்கே? தாராவிக்குப் பக்கத்தில், குர்லா பிரீமியர் தொழிற்சாலையில். ஆபீஸ் போய்வரும் வண்டி அது. பின்சீட்டைக் கழற்றி எடையைக் குறைத்து, சிலிண்டர் ஹெட்டைச் சீவி அழுத்தத்தைக் கூட்டினால்தான் பந்தயத்துக்கு ஆகும். அந்த வேலையைச் செய்தது எந்தக் கோடீஸ்வரன்?

அமெரிக்காவில் மட்டும் என்னவாம்? 1949 ஜூன் 19, சார்லட் மண் தடம். கார் பந்தய அமைப்பான நாஸ்கார் நடத்திய முதல் 'ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்' பந்தயம்; மாற்றம் செய்யாத கார்களுக்கானது. முதலில் வந்த க்ளென் டனவேயின் ஃபோர்டில் பின் ஸ்பிரிங்கை மாற்றியிருந்தார்கள். கள்ளச்சாராயம் கடத்துகிறவர்களின் கைவேலை! தகுதிநீக்கம்; வெற்றி லிங்கன் ஓட்டிய ஜிம் ரோப்பருக்குப் போனது.

ஃபார்முலா மாருதி பந்தயக் காரைக் கட்டிய கோவை கரிவரதன் மில் குடும்பத்துப் பிள்ளைதான், மறுக்கவில்லை. ஆனால் பட்டறை இல்லாமல் பந்தயம் இல்லை. நண்பரே, அடுத்த கட்டுரைக்கு முன் பழைய ஃபியட் மெக்கானிக் ஒருவரிடம் பேசிவிட்டு எழுதுங்கள்.