அளவுகோலைச் சோதித்துப் பாருங்கள்

பத்து காஜாவிலிருந்து கம்பாருக்கும் ஸ்ரீ இஸ்கண்டாருக்கும் படிக்கப் போகும் பிள்ளைகள் பலருக்கு இரவுச் சாப்பாடு மாமாக் கடையில்தான்: ரொட்டி சானாய், கட்டிப்பால் ஊற்றிய தே தாரிக். இவர்களிடம் உணவு அடிமைத்தனம் இருக்கிறதா என்று அளக்க உள்ள யேல் வினாநிரலோ 2009இல் அமெரிக்காவில் வெளிவந்தது. அது காட்டும் உதாரணங்கள் டோனட், பீட்சா, ஐஸ்கிரீம். அதன் மலாய் வடிவம் 2016இல் சோதிக்கப்பட்டது, அதுவும் உடல் பருமன் உள்ளவர்களிடம். மாணவர்களுக்கும் அது பொருந்தும் என்று எப்படி நம்புவது? பரீட்சை நேரத்துக் கொறிப்பு வேறு, நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாத தவிப்பு வேறு; அளவுகோல் இரண்டையும் பிரித்துக் காட்டவேண்டும். இருந்தாலும், மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினருக்கு எடை கூடுதல் அல்லது உடல் பருமன் என்கிறது 2023 தேசிய சுகாதார ஆய்வு. அதனால் அளந்துதான் ஆகவேண்டும். ஆய்வாளர்களே, சில மாணவர்களை உட்காரவைத்து ஒவ்வொரு கேள்வியையும் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று முதலில் கேளுங்கள். சில வாரம் கழித்து மறுபடியும் நிரப்பச் சொல்லி, பதில்கள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். அதுவரை எந்தப் பிள்ளையையும் உணவுக்கு அடிமை என்று எழுதிவிடாதீர்கள்.