அளவு மாறினால் கட்டி வளர்ந்துவிட்டதா?



உங்கள் வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ பெருங்குடலை சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததாக வைத்துக்கொள்வோம். முதல் அறிக்கையில் 'பாலிப் 9 மில்லிமீட்டர்' என்றிருந்தது. பின்னர் வேறோரிடத்தில் எடுத்த ஸ்கேனில் '10 மில்லிமீட்டர்' என்றிருக்கிறது. கட்டி வளர்ந்துவிட்டதென்று வீடே கலங்கும். வளர்ந்திருக்கலாம், அளந்த முறை மட்டும் மாறியிருக்கவும் கூடும்.

பாலிப் என்பது குடலின் உட்சுவரில் முளைக்கும் சதைக்கட்டி. பெரும்பாலானவை தீங்கு செய்வதில்லை. ஆயினும், பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் இத்தகைய கட்டிகளிலிருந்தே பல ஆண்டுகளில் உருவாகிறது. கட்டி பெரிதாகும்போது ஆபத்தும் கூடுகிறது. குடலில் காற்றை நிரப்பி, ஸ்கேன் எடுத்து, கணிப்பொறித் திரையில் குடலின் உட்புறத்தைக் காணும் முறையை 1994-ல் அமெரிக்க மருத்துவர் டேவிட் வைனிங் அறிமுகப்படுத்தினார்.

இம்முறையில் அளவே முடிவைத் தீர்மானிக்கிறது. 5 மில்லிமீட்டருக்கு மேற்படாதவை பொதுவாக அறிக்கையில் இடம்பெறுவதில்லை. 6 முதல் 9 வரையுள்ளவை ஒன்றிரண்டு மட்டும் இருப்பின், கண்காணித்து வரலாம், அல்லது அகற்றிவிடலாம். 10-ஐ எட்டிவிட்டால், குழாய்க் கருவியைச் செலுத்திப் பார்க்கும் கொலனோஸ்கோபி செய்து அகற்றுமாறு கூறுவர். ஆகவே, 9-க்கும் 10-க்கும் இடையிலுள்ள ஒரு மில்லிமீட்டர் சிறிய விஷயமன்று.

அந்த ஒரு மில்லிமீட்டர் எவ்வாறு மாறுகிறது? ஸ்கேன் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. 1979-ல் நோபல் பரிசு பெற்ற ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் வழங்கும் அளவுகோல் அது. அதில் நீருக்கு 0. காற்றுக்கு மைனஸ் 1000. சதைக்கு ஏறத்தாழ 40. கட்டியின் விளிம்பில் பாதி சதையும் பாதி காற்றுமாக அமையும் புள்ளிக்கு ஏறத்தாழ மைனஸ் 500 கிடைக்கும். அது கட்டியைச் சேர்ந்ததா, காற்றைச் சேர்ந்ததா?

விடை, திரையின் ஒளி அமைப்பைப் பொறுத்தது. மருத்துவர்கள் இதை 'விண்டோ' என்பர். சதையைப் பார்ப்பதற்கான குறுகிய விண்டோவில் அந்தப் புள்ளி கறுத்துப் போகும். கட்டி சிறிதாகத் தெரியும். அகன்ற விண்டோவில் அதே புள்ளி சாம்பல் நிறமாகத் தென்படும். கட்டி பெரிதாகத் தெரியும். முப்பரிமாணப் படத்திலும் சதையின் எல்லை எந்த எண்ணில் தொடங்குகிறது என்று கணிப்பொறிக்குக் கூறவேண்டியுள்ளது. அந்த எண் மாறினால் அளவும் மாறும். ஸ்கேன் துண்டுகள் தடித்திருந்தாலும், படத்தை அளவுக்கு மீறி மெருகேற்றினாலும் விளிம்பு மங்கிவிடும். கட்டியின் நீண்ட பக்கத்தை விட்டுக் குறுக்காக அளந்தாலும், காம்பையும் சேர்த்து அளந்தாலும் கணக்கு பிசகும்.

எனவே, சகோதரர்களே, அறிக்கைத் தாளை மட்டும் பத்திரப்படுத்தாமல், ஸ்கேன் படங்கள் அடங்கிய குறுந்தகட்டையும் கேட்டு வாங்கி வையுங்கள். அடுத்த முறை அதையும் உடன் கொண்டு செல்லுங்கள். "பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்து, ஒரே முறையில் அளந்து பார்த்தீர்களா?" என்று மருத்துவரிடம் பணிவுடன் கேளுங்கள். கட்டி உண்மையில் வளர்ந்ததா என்பதை அந்த ஒப்பீடே தெளிவுபடுத்தும்.

அளவில் ஐயம் இருக்கிறதென்று சிகிச்சையைத் தள்ளிப் போடவும் கூடாது. மலத்தில் இரத்தம், காரணமற்ற உடல் மெலிவு, இரத்தசோகை ஆகியன தென்பட்டால், அறிக்கையிலுள்ள எண் எதுவாயினும் மருத்துவரிடம் உடனே செல்லுங்கள்.