பி.டி. பீரியடைக் கடன் வாங்கிய டீச்சர் எழுதுவது

கொஞ்சம் நீளமான பதிவு. பெண் பிள்ளைகள் இருக்கும் வீட்டார் பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். ஆறு மாதம், முதல் குழந்தை. காபியைச் சர்க்கரை இல்லாமல் கேட்டாள். கர்ப்பத்தில் சர்க்கரை வந்துவிட்டதாம், பிரஷரும் எட்டிப் பார்க்கிறதாம். "முன்னாடியே வெயிட்டைக் குறைச்சிருக்கலாம்னு டாக்டர் சொன்னாங்க டீச்சர். இப்ப பட்டினி கிடந்து குறைக்கவும் கூடாதாம்." செருப்பை மாட்டும்போது சிரித்துக்கொண்டே, "பத்தாவதுல எங்க பி.டி. பீரியடெல்லாம் நீங்கதானே வாங்கிக்குவீங்க" என்றாள். விளையாட்டாகச் சொன்னதுதான். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

வாங்கினேன். 34 வருடம் கணக்கு டீச்சர், ரிசல்ட் வேண்டுமே! பையன்கள் சாயங்காலம் மட்டையைத் தூக்கிக்கொண்டு போய் அதை ஈடுகட்டினார்கள். பெண் பிள்ளைகளுக்கு வயதுக்கு வந்ததோடு ஓட்டம் முடிந்தது. உளுந்தங்களி, நல்லெண்ணெய் கொடுத்து வீட்டில் உட்கார வைத்தோம். என் அம்மா காலத்தில் களி தின்ற பெண் குடம் சுமந்தாள், நாற்று நட்டாள். இப்போது களி மட்டும் மிச்சம்.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 2015-16இல் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 31 பேர் அதிக எடை. 2019-21இல் 40. அதே கணக்கெடுப்பில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை. பூசினாற்போல் இருக்கிறாள், சத்தாக இருக்கிறாள் என்று நாம் சொல்வதெல்லாம் தப்புக் கணக்கு.

நம்மூரில் கவனிப்பே நாள் தள்ளிப்போன பிறகுதான் ஆரம்பிக்கிறது. அரசு உதவித்தொகை, சத்துமாத்திரை, எடை பார்ப்பது எல்லாம் அதற்குப் பிறகு. ஆனால் குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடிப்படையான குழாய், கரு உண்டான நாலு வாரத்துக்குள் மூடிவிடுகிறது. ஃபோலிக் ஆசிட் அதற்கு முன்பே உடம்பில் இருக்க வேண்டும். எடையும் அப்படித்தான், முன்பே பார்க்க வேண்டியது.

நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் மூன்று மாதமாவது கிடைக்கிறது. புடவைக் கடைக்கு நாலு நடை போகிறோம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு நடை போய் எடை, பிரஷர், சர்க்கரை, ரத்த அளவு பார்த்தால் என்ன? மாப்பிள்ளையும் பார்க்கட்டும். எழுபது கிலோ பெண் ஐம்பதாக வேண்டாம், நாலைந்து கிலோ குறைந்தாலே சர்க்கரையும் மாதவிலக்கும் சீராக வாய்ப்பு உண்டு. (இதைப் படித்துவிட்டு, பெண் பார்க்கப் போகும்போது எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அதற்காக எழுதவில்லை.) கல்யாணமான மூன்றாம் மாதமே "விசேஷம் உண்டா?" என்று கேட்பதையும் நிறுத்துங்கள். அந்தப் பெண் தன் உடம்பைத் தயார்செய்துகொள்ள அவகாசம் வேண்டாமா?

நேற்று, நான் வேலை பார்த்த பள்ளியின் இப்போதைய ஹெச்.எம்.முக்கு போன் செய்தேன். பெண் பிள்ளைகளின் பி.டி. பீரியடில் யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்ளம்மா என்றேன்.

"ரிசல்ட் போயிடுமே டீச்சர்" என்றாள். அவளும் என்னிடம் படித்தவள்தான்.

நாளை நேரில் போகிறேன்.