ஒரு வினாடிக்கு ஓராண்டு உழைப்பு

வானொலியில் ஒரு வினாடி சத்தம் வராமல் போனாலே எங்களுக்கு நெஞ்சு படபடக்கும். அந்த ஒரு வினாடியை ஒட்டி 20 மீட்டர் ஓடி முடித்துவிடும் குட்டி கார்களைச் செய்ய, பள்ளி மாணவர்கள் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

'எஃப்1 இன் ஸ்கூல்ஸ்' என்று பலருக்குத் தெரிந்த போட்டி அது. இப்போது 'ஸ்டெம் ரேசிங்' என்று பெயர் மாற்றிக்கொண்டிருக்கிறது. 2017இல் செப்பாங்கில் கடைசி ஃபார்முலா 1 பந்தயம் நடந்த அதே ஆண்டில்தான் இதன் உலக இறுதிச்சுற்றும் கோலாலம்பூரில் நடந்தது. பெரிய கார்கள் போய்விட்டன. சின்னக் கார்களை நம் பிள்ளைகள் விடவில்லை.

காரின் உடல், பஞ்சு மாதிரி லேசான கட்டி. கணினியில் வரைந்து, இயந்திரத்தில் செதுக்கி, சக்கரமும் இறக்கையும் பொருத்தினால் எடை 50 கிராம் வாக்கில் நிற்கும். ஒரு கோழிமுட்டை அளவு! விதி சொல்லும் எடைக்குக் கீழே போனால் புள்ளி போய்விடும். இன்ஜின் கிடையாது. பின்னால் 8 கிராம் கார்பன் டைஆக்சைடு அடைத்த சிறு குப்பி. ஊசி குத்தியதும் வாயு பின்பக்கம் சீற, கார் முன்பக்கம் பாயும். ஊதிய பலூனை முடிச்சுப் போடாமல் விட்ட கதைதான். தடத்தின் நீளத்துக்குக் கட்டிய நூல் காரின் அடியிலுள்ள வளையங்களில் ஓடுவதால் கார் திசை மாறாது. சராசரி வேகம் கணக்குப் போட்டால் மணிக்கு 70 கிலோமீட்டர் வருகிறது. எல்லோருக்கும் ஒரே அளவு குப்பி என்பதால், காற்றை யார் நன்றாகக் கிழிக்கிறார்கள், யார் சக்கரம் தடையில்லாமல் சுழல்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

ஆனால் வேகமான கார் வைத்திருக்கும் குழுதான் சாம்பியன் ஆகும் என்று இல்லை. நடுவர்கள் முன்னால் நின்று பேச வேண்டும். திட்ட அறிக்கை எழுத வேண்டும், காட்சிக்கூடம் அமைக்க வேண்டும். அதற்கெல்லாம் தனித்தனிப் புள்ளி. செலவுக்குப் பணம் புரட்டுவதும் பிள்ளைகள் பொறுப்பு.

அண்மையில் ஒரு தாயார் காலை நிகழ்ச்சிக்கு அழைத்தார். "தம்பி, மகன் நாலாம் படிவம். அடுத்த வருசம் எஸ்.பி.எம். இவன் என்னடான்னா குட்டிக் கார் பின்னாடியே சுத்துறான்."

"குழுவுல அவருக்கு என்ன வேலைங்கம்மா?"

"ஸ்பான்சர் தேடுறானாம். பள்ளி விட்டு நாலு கடை ஏறி இறங்கியிருக்கான். ஒருத்தரும் உட்காரக்கூட சொல்லல. வீட்டுல விருந்தாளி வந்தா ரூம்ல போய் ஒளிஞ்சிக்கிற பையன் தம்பி அவன்."

எனக்கு அந்தக் கடைசி வரிதான் பிடித்துக்கொண்டது. விருந்தாளிக்கு ஒளிகிற பையன் நான்கு கடைக்காரர்களிடம் போய்ப் பேசியிருக்கிறான். பேச்சுப் பயிற்சி வகுப்புக்குக் காசு கட்டி அனுப்பினாலும் இது எல்லோருக்கும் வந்துவிடாது. அந்த அம்மாவிடம் அதைச் சொன்னேன். "அதுக்காக கணக்குல கோட்டை விடலாமா?" என்று திருப்பிக் கேட்டார். அதுவும் நியாயம்தான். இரவு பத்து மணிக்கு மேல் கார் வேலை கிடையாது என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

எனக்குள்ள குறை வேறு. அப்பா நிறுவனத்தில் மேலாளராக இருந்தால் ஒரு தொலைபேசி அழைப்பில் ஸ்பான்சர் கிடைத்துவிடும். லாரி ஓட்டுநரின் மகனுக்கு நாலு கடை ஏறினாலும் கிடைப்பதில்லை. கார் இரண்டும் ஒரே கோட்டில் நின்றாலும், ஒன்று முன்பே கிளம்பிவிட்டது போலத்தான். கோயில் திருவிழா மலருக்கு ஒரு பக்க விளம்பரம் தருகிற நம் கடை முதலாளிகளைத்தான் கேட்கிறேன். சீருடையோடு இரண்டு பேர் கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்தால், நாற்காலி போட்டு, கார் எத்தனை கிராம் என்றாவது விசாரியுங்கள். பதில் அரை மணி நேரம் நீளும், ஜாக்கிரதை. கொடுப்பது நூறு ரிங்கிட்டாக இருந்தாலும் உங்கள் கடைப் பெயரைக் காரில் ஒட்டிவிடுவார்கள். ஓடும்போது அதைப் படிக்க முடியாது. காட்சிக்கூடப் பதாகையில் பெரிதாகப் போடச் சொல்லிக் கேளுங்கள்.