கோடு எங்கே விழுகிறது?

செங்கல்பட்டு வளமான மாவட்டமா? வறுமை மாவட்டமா?

பல்லாவரம் கடைத்தெருவில் கேட்டால் ஒரு பதில் கிடைக்கும். மாமல்லபுரத்தை அடுத்த கொக்கிலமேடு குப்பத்தில் கேட்டால் வேறு பதில் வரும். செய்யூர்ப் பக்கம் நாற்று நடும் பெண்ணைக் கேட்டால் மூன்றாவது பதில் வரும்.

ஆனால் தனிநபர் வருமானம் என்று அரசாங்கம் கணக்குப் போடும்போது, மாவட்டத்துக்கு ஒரே ஓர் எண்தான். அதுதான் சராசரி.

இட்லிக் கணக்கு

ஒரு வீட்டில் நான்கு பேர். ஒருவன் எட்டு இட்லி சாப்பிட்டான். மற்ற மூவரும் பட்டினி. சராசரி என்ன? ஆளுக்கு இரண்டு இட்லி!

கணக்கு சரிதான். ஆனால் பசி தீரவில்லை.

நால்வரையும் ஒரே வரியில் எழுதியதால் வந்த வினை இது. யார் யாரைச் சேர்த்து ஒரே வரியில் எழுதுவது? புள்ளிவிவரத்தில் முதல் கேள்வி இதுதான். கோடு போடுகிறவர் கையில்தான் விடை இருக்கிறது.

மாறிய எல்லைகள்

பழைய செங்கல்பட்டு மாவட்டம் 1997-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி காஞ்சீபுரம், திருவள்ளூர் என்று இரண்டாகப் பிரிந்தது. காஞ்சீபுரத்தில் இருந்து 2019-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி இன்றைய செங்கல்பட்டு மாவட்டம் பிறந்தது.

2011-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் எடுத்தது. அப்போது காஞ்சீபுரம் மாவட்டத்தில் 39,98,252 பேர் இருந்தார்கள். நூற்றுக்கு 63 பேர் நகரவாசிகள். இதைப் பார்ப்பவர், "இது பட்டணத்து மாவட்டம்" என்றுதான் நினைப்பார். மதுராந்தகம் ஏரியை நம்பிய வயல்கள் அந்த எண்ணில் தெரியாது.

கடல் இல்லாத கடலோரம்!

மத்திய அரசின் மாதிரி ஆய்வுகளுக்குத் தமிழ்நாட்டை நெடுங்காலம் நான்கு வட்டாரங்களாகப் பிரித்திருந்தார்கள். அதில் ஒன்று வடக்குக் கடலோர வட்டாரம். மாமல்லபுரம் அதில்தான் இருந்தது. கூடவே வேலூரும் திருவண்ணாமலையும் இருந்தன!

வேலூரில் ஏது கடல்? வலை வீசும் மீனவரும், ஜவ்வாது மலையில் சாமை விதைக்கும் விவசாயியும் ஒரே வட்டாரம். இரண்டு பேரின் பாடும் ஒன்றாகுமா?

2025-ம் ஆண்டு ஜனவரி முதல், வேலைவாய்ப்பு பற்றிய ஆய்வில் மாவட்டத்தையே அடிப்படை அலகாக வைத்துக் கொண்டார்கள். நல்ல மாற்றம். ஆனால் மாவட்டத்தோடு நின்றால் போதாது.

அயர்லாந்து செய்தது

ஐரோப்பிய நாடுகள் ஒன்றுகூடி, பின்தங்கிய வட்டாரங்களுக்குப் பணம் கொடுக்கின்றன. ஐரோப்பாவின் சராசரி வருமானம் நூறு என்றால், 75-க்குக் கீழே உள்ள வட்டாரத்துக்கே முதல் சலுகை.

அயர்லாந்து முழுவதும் ஒரே வட்டாரமாக இருந்தது. தலைநகர் டப்ளின் செழித்ததும் நாட்டின் சராசரி ஏறியது. ஏழ்மையான மேற்குப் பகுதிக்கும் உதவி போய்விடும் நிலை வந்தது. 1999-ம் ஆண்டு அயர்லாந்தை இரண்டு வட்டாரங்களாகப் பிரித்தார்கள். மேற்குப் பகுதிக்குச் சலுகை நிலைத்தது.

அங்கே ஒரே இரவில் யாரும் ஏழையாகிவிடவில்லை. இருந்த ஏழ்மை கண்ணுக்குத் தெரிந்தது. அவ்வளவுதான்.

குப்பத்துக்கு ஒரு வரி

நம் ஊரில் கிராமக் கணக்கு என்பது வருவாய்க் கிராமத்தின் கணக்கு. ஊர், குப்பம், புதிய மனைப்பிரிவு எல்லாம் ஒரே கிராமத்துக்குள் இருந்தால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வரி. மனைப்பிரிவில் மாடி வீடு எழும்ப எழும்ப, குப்பத்தின் ஓலைக் கூரை கணக்கில் மறைந்து போகும்.

தனியாக எண்ண முடியாதா? முடியும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் எண்ணிக் காட்டியிருக்கிறது. 2010-ம் ஆண்டுக் கணக்கில், தமிழ்நாட்டில் கடலோர மீனவக் கிராமங்கள் மட்டும் 573 என்று பிரித்துச் சொன்னது.

"இஷ்டத்துக்குக் கோடு மாற்றினால் பழைய கணக்கோடு ஒப்பிட முடியாது, சலுகைக்காகவே கோடு போடுவார்கள்" என்று சிலர் சொல்வார்கள். நியாயமான பயம். அதனால்தான் கணக்கெடுப்புக்கு முன் எல்லைகளை மாற்றக்கூடாது என்று நிறுத்தி வைக்கிறார்கள்.

ஆனால் மாவட்ட எல்லையைத் தொட வேண்டியதே இல்லை. மக்கள் தொகைக் கணக்கில் ஓர் ஊழியருக்கு 700, 800 பேர் என்று தெருத்தெருவாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். ஒரு குப்பத்தைப் பாதியில் வெட்டாமல் அந்தப் பிரிவு அமைந்தால் போதும். பிறகு குப்பத்தின் மொத்தத்தைத் தனி வரியாக வெளியிடலாம். யார் வீட்டு விவரமும் வெளியே வராது. பள்ளிக்கூடமும் குடிதண்ணீரும் எங்கே இல்லை என்பது மட்டும் தெரியும்.

2027-ம் ஆண்டு மார்ச் 1-ந் தேதியைக் கணக்கு நாளாக வைத்து அடுத்த மக்கள் தொகைக் கணக்கெடுப்பு என்று 2025-ம் ஆண்டு ஜூன் மாதம் அரசாங்கம் அறிவித்தது. 2011-க்குப் பிறகு வரும் முதல் கணக்கு இது. புதிய செங்கல்பட்டு மாவட்டம் காணும் முதல் கணக்கும் இதுவே.

கணக்கெடுப்பவர் வீட்டுக்கு வந்தால் உண்மையைச் சொல்வது மக்களின் கடமை. சொன்ன உண்மை சராசரியில் கரைந்து போகாமல் காப்பது அரசாங்கத்தின் கடமை.